ஆடி பொருத்திய திசைகாட்டி

குமாவுன் மலைப்பகுதியில் ஒரு பிற்பகல் வேளை என்று கொள்வோம். சாரண மாணவர் பன்னிருவர் தம் ஆசிரியருடன் ஒரு மேட்டிலிருந்து இறங்க ஆயத்தமாகின்றனர். 3 கிலோமீட்டர் தொலைவில் ஆற்றின் மீது ஒரு மரப்பாலம் தெரிகிறது. அதைக் கடந்தால் முகாம். அருகில் வேறு பாலம் இல்லை. ஆறோ பனியுருகிப் பெருகி வருவது. இறங்கிக் கடக்க இயலாத வேகம் உடையது. அவர்கள் இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் மூடுபனி சூழ்கிறது. பத்தடிக்கு அப்பால் இருப்பது எதுவும் புலப்படவில்லை. இருட்டுவதற்குள் பாலத்தை அடைந்தாக வேண்டும்.

கண்ணுக்கு ஒரு குறியும் இல்லாதபோது மனிதர் நேராக நடப்பதில்லை. நேராகத்தான் நடக்கிறோம் என்று உறுதியாக நம்பிக்கொண்டே சிறிது சிறிதாக வளைந்து, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வதும் உண்டு. எனவே திசைகாட்டி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு நுட்பமான திசைகாட்டி வேண்டும் என்பதே இப்பாடத்தின் கேள்வி.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். திசையில் 1 பாகை பிழை நேர்ந்தால், 1 கிலோமீட்டர் நடந்த பிறகு நாம் ஏறத்தாழ 17 மீட்டர் விலகியிருப்போம். 3 கிலோமீட்டருக்கு அது 52 மீட்டர். பிழை 5 பாகையானால் விலகல் ஏறத்தாழ 260 மீட்டர். 52 மீட்டர் விலகினால் நீரோசையைக் கேட்டுக் கரையோரமாய்த் தேடிப் பாலத்தைக் கண்டுபிடித்துவிடலாம். 260 மீட்டர் விலகி, வலப்பக்கம் தேடுவதா இடப்பக்கம் தேடுவதா என்றும் தெரியாமல் மூடுபனியில் நிற்பது வேறு நிலை. விளையாட்டுப் பொருளாக விற்கும் சிறு திசைகாட்டிக்கும் மலையேறுவோர் சுமந்து செல்லும் திசைகாட்டிக்கும் உள்ள வேறுபாடு இந்த நான்கு பாகைகளில்தான் இருக்கிறது.

மலையேறுவோர் பயன்படுத்தும் நுட்பமான வகைகளுள் ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்தப்பட்டது. 'கண்ணாடி' என்னும் சொல்லை நாம் இன்று சன்னல் கண்ணாடிக்கும், மூக்குக் கண்ணாடிக்கும், முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் பொதுவாக வழங்குகிறோம். உருவத்தைத் திருப்பிக் காட்டுவதற்குத் தமிழில் 'ஆடி' என்ற தனிச்சொல் உண்டு. அறிவியல் நூல்களில் சமதள ஆடி, குழியாடி, குவியாடி என்று படித்திருப்பீர்கள். அச்சொல்லையே இங்கும் கொண்டு, இதனை ஆடித் திசைகாட்டி என்று அழைப்போம். ஆடி மாதத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதலில் ஆடி இல்லாத, தட்டையான வகையைப் பார்ப்போம். ஒளி ஊடுருவும் நெகிழித் தட்டு ஒன்று, அதன்மேல் சுழலும் வளையம், வளையத்தின் விளிம்பில் 0 முதல் 360 வரை பாகைக் குறிகள், நடுவே திரவம் நிறைந்த சிமிழ், சிமிழுக்குள் காந்தமுள். முள்ளின் வடமுனைக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருப்பர். சிமிழின் அடித்தளத்தில், முள் சரியாக அடங்கும் அளவில் ஒரு கூட்டின் வடிவம் வரையப்பட்டிருக்கும். இதை இடுப்பளவில் பிடித்து, தட்டின் முன்னுள்ள அம்புக்குறியைத் தொலைவிலுள்ள மரத்தையோ சிகரத்தையோ நோக்கித் திருப்பி, பின் வளையத்தைச் சுழற்றி முள்ளைக் கூட்டுக்குள் அடக்க வேண்டும். இங்கேதான் இடர் நேர்கிறது. சிகரத்தைப் பார்க்கும்போது முள்ளைப் பார்க்க முடியாது; முள்ளைப் பார்க்கக் குனியும்போது சிகரத்தை விட்டுவிடுகிறோம். குனிந்து நிமிர்வதற்குள் கை சற்றே திரும்பிவிடும். மூன்று, நான்கு பாகைகள் இப்படியே தவறிப் போகின்றன. முள்ளின் மீது குற்றமில்லை. கண்ணால் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைக் காண இயலாது என்பதே காரணம்.

ஆடி இந்த இடரை நீக்குகிறது. தட்டின் முன்விளிம்பில் ஒரு கீல். கீலில் மூடி போன்ற ஒரு பகுதி. அதன் உட்புறம் முழுவதும் ஆடி. மூடியை ஏறத்தாழ 45 பாகை சாயும்படி திறந்து, திசைகாட்டியைக் கண் மட்டத்திற்கு உயர்த்தி, கையை முன்னே நீட்டிப் பிடிக்க வேண்டும். ஆடியின் மேல்விளிம்பில் ஒரு சிறு பிளவு இருக்கும். அப்பிளவின் வழியாகத் தொலைவிலுள்ள சிகரம் தெரியும். அதே பார்வையில், பிளவுக்குச் சற்றுக் கீழே, ஆடியில் சிமிழும் முள்ளும் தெரியும். தலையைக் குனிய வேண்டுவதில்லை. கண்ணை ஓர் அங்குலம் இறக்கினால் முள், ஏற்றினால் சிகரம். சிகரத்தைப் பிளவில் நிறுத்தியவாறே மற்றொரு கையால் வளையத்தைச் சுழற்றி, சிவப்பு முனையைக் கூட்டுக்குள் அடக்கிவிட்டால் அளவீடு முடிந்தது. பிறகு கருவியைக் கீழே இறக்கி, வளையத்தின் குறியில் நிற்கும் எண்ணை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். பழகிய கையில் பிழை ஓரிரு பாகைக்குள் அடங்கும்.

ஆடியில் உருவம் மாறித் தெரியுமே, எண்களை எப்படிப் படிப்பது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆடியில் எண்களைப் படிக்க வேண்டியதே இல்லை. முள் கூட்டுக்குள் அடங்கியிருக்கிறதா, சிவப்பு முனை கூட்டின் சிவப்புத் தலைப்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். உருவம் மாறினாலும் இந்தப் பொருத்தம் மாறாது. சிவப்பு முனையைத் தலைகீழாக வைத்துவிட்டால் மட்டும் திசை முற்றிலும் எதிராகும். வடக்கே செல்ல வேண்டியவர் தெற்கே செல்வார். களைப்பிலும் பதற்றத்திலும் இது நிகழக்கூடியதே. ஆகவே ஒவ்வொரு முறையும் வண்ணத்தைச் சரிபார்ப்பது வழக்கம்.

ஆடியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு வரையப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அழகுக்காக வரைந்ததன்று. ஆடியில் தெரியும் சிமிழின் நடுப்புள்ளி வழியாக அக்கோடு சென்றால், கருவி நேராகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கோடு நடுப்புள்ளியை விட்டு விலகினால் கை திருகியிருக்கிறது. விலை மலிந்த கருவிகளில் பிளவு இருக்கும், இக்கோடு இராது. அத்தகைய கருவியில் ஆடி இருந்தும் முழுப்பயன் இல்லை. சில கருவிகளில் ஆடியின் கீழ்ப்பகுதியிலும் ஒரு சிறு துளை உண்டு. பள்ளத்தாக்கில் தாழ்வாக இருக்கும் குறியை நோக்க அது உதவும்.

இவ்வாறு அளந்த எண்ணுக்குத் திசைக்கோணம் என்று பெயர். வடக்கை 0 எனக் கொண்டு வலஞ்சுழியாக எண்ணுவது இதன் முறை: கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. நம் திசைப் பெயர்களைப் பற்றி இங்கே ஒரு செய்தி. கிழக்கு என்பது 'கீழ்' என்பதிலிருந்தும், மேற்கு என்பது 'மேல்' என்பதிலிருந்தும் பிறந்தவை என்பர் மொழியறிஞர். தமிழ்நாட்டு நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. ஆறுகளும் பெரும்பாலும் அவ்வாறே ஓடுகின்றன. நிலமே அங்கே திசைகாட்டி. ஆனால் தில்லியிலோ தேராதூனிலோ வாழும் உங்களுக்கு உயர்ந்த மலை வடக்கே உள்ளது. குமாவுனிலோ ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒவ்வொரு பக்கம் சரிகிறது. சொல்லின் பொருளைக் கொண்டு அங்கே வழி காண இயலாது. 72 பாகை, 215 பாகை என்று எண்ணால் சொல்வதே துணை.

திசைக்கோணத்தை வரைபடத்திலிருந்தும் எடுக்கலாம். இராணுவத்தினரும் நில அளவையாளரும் பயன்படுத்தும் பட்டகத் திசைகாட்டி இதனினும் நுட்பமானது. பட்டகம் வழியாக எண்ணையே நேராகப் படிக்கலாம். ஆயினும் அதன் உடல் பெரும்பாலும் ஒளி புகாத உலோகமாதலின், வரைபடத்தில் கோணம் அளக்கத் தனியே ஒரு கோணமானி வேண்டும். ஆடித் திசைகாட்டியின் தட்டோ ஒளி ஊடுருவுவது. கோணமானியின் வேலையையும் அதுவே செய்கிறது. மூடியை முழுவதும் விரித்தால் தட்டு ஏறத்தாழ இருமடங்கு நீளும். அதன் விளிம்பை வரைபடத்தில் நிற்கும் இடத்திற்கும் சேர வேண்டிய இடத்திற்கும் இடையே பொருத்தி, சிமிழின் அடியிலுள்ள இணைகோடுகள் வரைபடத்தின் வடதென் கோடுகளுக்கு இணையாகும்வரை வளையத்தைச் சுழற்ற வேண்டும். குறியில் நிற்கும் எண்ணே செல்ல வேண்டிய திசைக்கோணம். இந்த வேலைக்கு முள் தேவையே இல்லை. இந்திய நில அளவைத் துறையின் மலைப்பகுதி வரைபடங்கள் பல 1:50,000 என்னும் அளவில் அமைந்தவை. அவற்றில் 2 செண்டிமீட்டர் என்பது நிலத்தில் 1 கிலோமீட்டர். தட்டின் விளிம்பிலுள்ள அளவுகோலும், தட்டில் பதித்த சிறு உருப்பெருக்கி வில்லையும் இதற்காகவே.

இனி, முள் காட்டும் வடக்கு உண்மையான வடக்குதானா? முற்றிலும் அன்று. வரைபடத்தின் வடக்கு புவியின் சுழலச்சு முனையை நோக்கியது. முள்ளின் வடக்கு புவியின் காந்தப்புலத்தைச் சார்ந்தது. இரண்டிற்கும் இடையிலுள்ள கோணம் காந்த ஒதுக்கம் எனப்படும். சீன அறிஞர் ஷென் குவோ 1088ஆம் ஆண்டளவில் எழுதிய நூலிலேயே முள் சரியாகத் தெற்கு நோக்காமல் சற்று விலகி நிற்பதைக் குறித்துள்ளார். காந்த வடமுனை ஓரிடத்தில் நிற்பதுமில்லை. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்பவர் அதனைக் கனடாவின் வடபகுதியில் கண்டறிந்தார். அதன் பின்னர் அது வடக்கே நகர்ந்து, இப்போது சைபீரியாவை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. நம் நாட்டின் பெரும்பகுதியில் ஒதுக்கம் மிகச் சிறியது. தில்லியில் ஏறத்தாழ 1 பாகை கிழக்கு. எனவே இந்தியாவில் நடப்போர் இதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. நியூசிலாந்தின் வெல்லிங்டன் நகரிலோ அது 20 பாகைக்கு மேல். அங்கே இதை மறந்து 3 கிலோமீட்டர் நடந்தால் 1 கிலோமீட்டருக்கும் மேலாக விலகிவிடுவோம். நல்ல ஆடித் திசைகாட்டியில் இதற்கென ஒரு சிறு திருகு உண்டு. அதைத் திருகினால் சிமிழின் கூடு மட்டும் வேண்டிய பாகை அளவு திரும்பி நிற்கும். ஒருமுறை திருத்திவிட்டால், பிறகு கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம். குளிரில் விறைத்த மூளைக்குக் கணக்கு ஓடாது என்பதை அறிந்தவர் ஒருவர்தான் இந்தத் திருகை அமைத்திருக்க வேண்டும்.

முள் பக்கவாட்டில் விலகுவதோடு, மேலும் கீழும் சாயவும் செய்கிறது. இது காந்தச் சரிவு. கேரளத்தின் தும்பா என்னும் ஊர் காந்த நடுக்கோட்டை ஒட்டி அமைந்தது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி அங்கிருந்து ஏவப்பட்டதற்கு அந்த இருப்பிடமே முக்கியக் காரணம். அங்கே கட்டற்ற காந்தமுள் ஏறத்தாழக் கிடைமட்டமாக நிற்கும். தில்லியில் அதன் வடமுனை 40 பாகைக்கும் மேல் நிலத்தை நோக்கிச் சாயும். திசைகாட்டியின் முள் அவ்வாறு சாய்ந்தால் சிமிழில் உரசி நின்றுவிடும் அல்லவா? ஆகவே, எந்தப் பகுதியில் விற்கப்போகிறார்களோ அதற்கேற்ப முள்ளின் ஒரு பக்கம் சிறு எடை சேர்த்துச் சமன் செய்கின்றனர். வட ஐரோப்பாவிற்கென்று செய்த கருவி தென்னரைக்கோளத்தில் சரியாக வேலை செய்யாததற்கு இதுவே காரணம். காந்தத்தையும் முள்ளையும் தனித்தனியாக அமைத்து, உலகின் எப்பகுதியிலும் உரசாமல் சுழலும்படி செய்த வகைகளும் இப்போது உள்ளன. விலை மட்டும் சற்றுக் கூடுதல்.

சிமிழிலுள்ள திரவம் முள்ளின் ஆட்டத்தை அடக்குவதற்காக. வெறுங்காற்றில் முள் நெடுநேரம் ஊசலாடும். திரவத்தில் சில நொடிகளில் அமையும். பின்லாந்து நாட்டுப் பொறியாளர் துவோமாஸ் வொஹ்லோனன், காட்டில் வழியறிந்து ஓடும் விளையாட்டில் ஈடுபாடு உடையவர். திரவம் நிறைந்த திசைகாட்டிகளைப் பெருமளவில் செய்யும் முறையை வகுத்து, 1936இல் சூன்டோ நிறுவனத்தைத் தொடங்கினார். மலை உயரத்திலும் குளிரிலும் சிமிழுக்குள் ஒரு சிறு குமிழி தோன்றலாம். கீழே இறங்கியதும் அது மறைந்துவிட்டால் கவலை வேண்டாம். மறையாமல் பெரிதாகி முள்ளைத் தள்ளத் தொடங்கினால் சிமிழில் கசிவு உள்ளது. அக்கருவியை நம்புதல் கூடாது.

இக்கருவிக்குள் சரிவுமானி என்னும் இன்னோர் உறுப்பும் ஒளிந்திருக்கிறது. இது காந்தமற்ற சிறு முள். தன் எடையால் தொங்குவது. வளையத்தில் மேற்கையோ கிழக்கையோ குறிக்கு நேரே கொண்டுவந்து, கருவியைப் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்து, தட்டின் விளிம்பு வழியே மலைச்சரிவை நோக்கினால், இச்சிறுமுள் சரிவின் கோணத்தைக் காட்டும். அதையும் ஆடியிலேயே காணலாம். பனி படர்ந்த மலையில் இது உயிர் காக்கும் செய்தி. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் நிகழ்கின்றன. கண்ணுக்குச் சாதாரணமாகத் தோன்றும் சரிவு 35 பாகை என்று தெரிந்தால், சுற்றிச் செல்லும் வழியை ஆசிரியர் தேர்வார்.

ஆடியின் பிற பயன்களை விரைவாகச் சொல்லிவிடலாம். வெயிலை எதிரொளித்துத் தொலைவில் இருப்போருக்குக் குறிப்புக் காட்டலாம். கண்ணில் விழுந்த தூசியைத் தானே பார்த்து எடுக்கலாம். மூடினால் சிமிழுக்குக் கவசமாகும். முகம் பார்த்துத் தலை வாருவதற்கும் பயன்படுகிறது. அதுவே இதன் முதற்பயன் என்று சில மாணவர் எண்ணுவதும் உண்டு.

எவ்வளவு நுட்பமான கருவியாயினும் அருகில் இரும்பிருந்தால் பொய் சொல்லும். இடுப்புவார்க் கொக்கி, கத்தி, ஊர்தி, உயரழுத்த மின்கம்பி ஆகியவை முள்ளை இழுக்கும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் வலிய காந்தம் உள்ளது. ஒரே பையில் இரண்டையும் நெடுநாள் சேர்த்து வைத்தால் முள்ளின் காந்தமே புரண்டு, சிவப்பு முனை தெற்கைக் காட்டத் தொடங்கக்கூடும். புறப்படும் முன் காலைக் கதிரவனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அதனால்தான்.

குமாவுனைப் பற்றிப் பேசும்போது அம்மண்ணின் மைந்தர் ஒருவரை மறத்தல் ஆகாது. மிலம் என்னும் மலையூரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நயின் சிங் ராவத். வெளிநாட்டவர் நுழையத் தடை இருந்த திபெத்தை அளப்பதற்காக நில அளவைத் துறை அவருக்குத் தேராதூனில் பயிற்சி அளித்தது. 1865இல் நேபாளத்திலிருந்து புறப்பட்டு, 1866 சனவரியில் லாசாவை அடைந்தார். கையில் ஒரு வழிபாட்டு உருளை. அதற்குள் வேண்டுதல் எழுதிய தாளுக்கு மாறாக அளவைக் குறிப்புகள். ஒரு திசைகாட்டியும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. 108 மணிகள் இருக்க வேண்டிய மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு அடி வைத்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடி. திசையும் தொலைவும் தெரிந்தால் வழி முழுவதையும் தாளில் வரைந்துவிடலாம். இங்கிலாந்தின் அரச புவியியல் கழகம் 1877இல் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. கண் மட்டத்திற்குக் கருவியை உயர்த்தி நோக்கும் வசதி அவருக்குப் பெரும்பாலும் வாய்க்கவில்லை. யாரேனும் கண்டால் உயிருக்கே இடர். நமக்கு அந்த அச்சம் இல்லை.

மூடுபனியில் நிற்கும் சாரணரிடம் திரும்புவோம். பனி சூழும் முன்பே ஆசிரியர் பாலத்தை ஆடி வழியாக நோக்கித் திசைக்கோணம் 72 என்று குறித்து வைத்திருந்தார். ஆனால் அவர் 72 பாகையில் நடக்கச் சொல்லவில்லை. 67 பாகையில் நடக்கச் சொல்கிறார். ஏன்? எவ்வளவு கவனமாக நடந்தாலும் ஓரிரு பாகை பிழை நேரும். நேராகப் பாலத்தை நோக்கி நடந்து ஆற்றங்கரையை அடைந்தால், பாலம் வலப்பக்கமா இடப்பக்கமா என்பது தெரியாது. வேண்டுமென்றே 5 பாகை இடப்புறம் விலகி நடந்தால், பாலம் வலப்பக்கம்தான் இருக்கும் என்பது உறுதி. ஒரு மாணவர் கண்ணுக்கெட்டும் தொலைவுவரை முன்னே செல்கிறார். ஆசிரியர் பிளவு வழியே நோக்கி, 'வலப்புறம் ஓரடி, இன்னும் அரையடி, நில்' என்று அவரைக் கோட்டில் நிறுத்துகிறார். மற்றவர் அவரிடம் சென்று சேர்கின்றனர். மீண்டும் அவர் முன்னே செல்கிறார். ஓர் அடியையும் ஊகத்தில் வைக்காமல் இப்படியே 3 கிலோமீட்டர். மெதுவான வழிதான். நீரோசை கேட்டதும் கரையில் வலப்புறம் திரும்பி, 260 மீட்டர் அளவு நடக்கின்றனர். மரப்பாலத்தின் கைப்பிடிக் கயிறு மூடுபனியில் மங்கலாகத் தெரிகிறது.

பயிற்சி: உங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தின் உச்சி 45 பாகைக் கோணத்தில் தெரியும் இடத்தில் நின்று, கம்பத்தின் அடிவரை உள்ள தொலைவை அளங்கள், அதனுடன் உங்கள் கண்மட்ட உயரத்தைக் கூட்டினால் கம்பத்தின் உயரம் கிடைக்கும். ஏன் என்று விளக்குங்கள். ஒரு மேட்டிலிருந்து கோயிலின் திசைக்கோணம் 215 பாகை எனில், கோயிலிலிருந்து அம்மேட்டின் திசைக்கோணம் என்ன? உங்கள் வீட்டு வாயில் எத்திசை நோக்கியது என்பதைப் பாகையில் எழுதுங்கள். தென்றல், வாடை, கொண்டல், கோடை ஆகிய காற்றுகள் எத்திசையிலிருந்து வீசுவன என்று வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டறிந்து, ஒவ்வொன்றிற்கும் நேரே பாகை அளவைக் குறியுங்கள்.